மூளையில் ஒரு கரண்டி பிளாஸ்டிக்: நுண்நெகிழி ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

கேள்வி இதுதான்: “மனித மூளையில் ஒரு கரண்டி எடைக்குப் பிளாஸ்டிக் சேர்ந்திருக்கிறது, வாரத்துக்கு 5 கிராம் பிளாஸ்டிக்கை விழுங்குகிறோம், சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரலும் விந்தணுவும் கெட்டன என்றெல்லாம் செய்திகள் வருகின்றன. இவற்றில் எவ்வளவு உண்மை? பாலூட்டிகளின் உடலுக்கு இந்தத் துகள்களால் உண்மையாகவே தீங்கு உண்டா?”

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பின்னர் விரிவாகத் தருகிறேன். இந்தத் துகள்கள் பாலூட்டிகளின் உடலுக்குள் நுழைகின்றன என்பதில் ஐயமில்லை. போதுமான அளவு சேர்ந்தால் திசுக்களைப் புண்படுத்தும் என்பதிலும் ஐயமில்லை; அதற்கான மிக உறுதியான சான்று சுண்டெலிகளிடமிருந்து வரவில்லை, செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திக்கொண்ட மனிதர்களிடமிருந்தும் நைலான் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்தும் வந்தது. ஆனால் இன்று சாதாரண வாழ்க்கையில் நம் உடலுக்குள் போகும் அளவு அந்தப் “போதுமான அளவை” எட்டுகிறதா என்பதே உண்மையான வினா. செய்திகளில் வரும் பெரிய எண்கள் பலவும் அந்த வினாவுக்கு விடை சொல்லாமல் அச்சத்தை மட்டும் தருகின்றன என்பதே என் மனக்குறை.

அளவிலிருந்து தொடங்குவோம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்குகளை நுண்நெகிழி என்று அழைக்கிறோம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இச்சொல் பரவலாயிற்று. இந்த வரையறைக்குள் ஒரு பச்சரிசி மணியளவு துணுக்கும் அடங்கும், கண்ணுக்கே தெரியாத தூசியும் அடங்கும். உடலைப் பொறுத்தவரை இரண்டும் முற்றிலும் வேறு பொருள்கள். அரிசி மணியளவு துணுக்கு வாய்வழியே போய் மலத்தோடு வெளியேறிவிடும். ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகளோ, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது, செல்லுக்குள்ளேயே புகக்கூடும். இவற்றை நானோ பிளாஸ்டிக் என்கிறோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 150 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை குடல் சுவரைத் தாண்டுவதில்லை. அதற்குக் குறைந்தவற்றிலும் அதிகபட்சம் 0.3 விழுக்காடே உள்ளே போகும்; உறுப்புகளுக்குள் ஆழமாகப் போவதற்கு ஏறத்தாழ 1.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியதாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு செய்தி எத்தனை துகள்கள் என்று மட்டும் சொல்லி, எந்த அளவுத் துகள்கள் என்று சொல்லவில்லை என்றால், அதிலிருந்து உடல்நலம் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.

குடலுக்குள் போன திடத்துகள் ரத்தத்துக்குப் போக முடியும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. பெர்லினில் பணியாற்றிய ஜெர்ஹார்ட் ஃபோல்க்ஹைமர் என்ற மருத்துவர், நாய், பன்றி, முயல் உள்ளிட்ட விலங்குகளுக்குப் பிவிசி தூளை உணவோடு கொடுத்து, சிறிது நேரத்தில் அவற்றின் ரத்தத்தில் அதே துகள்களைக் கண்டதை 1975-இல் பதிவு செய்தார். குடல் சுவரின் செல்கள் உதிரும் இடங்களில் இடைவெளி வழியாகத் துகள் நசுங்கி நுழைவது ஒரு வழி. குடலில் ஆங்காங்கே இருக்கும் நோயெதிர்ப்புத் திட்டுகளில், வெளிப்பொருளை மாதிரி பார்ப்பதற்கென்றே அமைந்த சிறப்புச் செல்கள் துகளை விழுங்கி உள்ளே கடத்துவது இன்னொரு வழி. ஆஸ்திரிய, ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2023-இல் சுண்டெலிகளுக்கு மூன்று அளவுகளில் பாலிஸ்டைரீன் (தெர்மோகோல் செய்யப் பயன்படும் பிளாஸ்டிக்) மணிகளைப் புகட்டிப் பார்த்தனர், 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ளவை இரண்டு மணி நேரத்துக்குள் மூளையை அடைந்தன, ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டியவை அடையவில்லை. துகளின் மேற்பரப்பில் கொலஸ்டிரால் ஒட்டிக்கொண்டால் மூளையின் காப்புச் சவ்வைத் தாண்டுவது எளிதாகிறது என்றும் கணினி மாதிரிகளைக் கொண்டு காட்டினர். பயன்படுத்திய விலங்குகள் மிகச் சிலவே. ஆயினும் துகளின் பருமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு குறைவு.

மூச்சுவழி இன்னும் நேரடியானது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் கருவுற்ற எலிகளின் மூச்சுக்குழாயில் 20 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்) பாலிஸ்டைரீன் துகள்களைச் செலுத்தியபோது, ஒரே நாளில் அவை நச்சுக்கொடியைக் கடந்து கருக்குட்டியின் கல்லீரல், நுரையீரல், இதயம், சிறுநீரகம், மூளை ஆகியவற்றில் காணப்பட்டன. தாயின் நுரையீரலில் படிந்தது பிறக்காத குட்டியின் மூளையை ஒரு நாளில் எட்டுகிறது என்பதைப் படித்தபோது எனக்கே மனம் கலங்கியது. அதே வேளையில், செலுத்தப்பட்ட அளவு ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுக்கப்பட்டது என்பதையும், அவை ஆய்வகத்தில் வார்க்கப்பட்ட சீரான மணிகள் என்பதையும் மறக்கலாகாது.

இனி, நாம் எவ்வளவு உட்கொள்கிறோம்? “வாரத்துக்கு 5 கிராம், ஒரு கடன் அட்டையின் எடை” என்ற வரி 2019-இல் உலக இயற்கை நிதியம் வெளியிட்ட அறிக்கையின் வழியே உலகெங்கும் பரவியது. அதற்கு அடிப்படையான ஆஸ்திரேலிய மதிப்பீடு உண்மையில் 0.1 கிராம் முதல் 5 கிராம் வரை என்றே சொல்கிறது. செய்திகள் மேல் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டன. துகள்களின் எண்ணிக்கையை எடையாக மாற்றும்போது அவர்கள் கொண்ட அனுமானங்களும் கேள்விக்குரியவை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு 2021-இல் இதையே இன்னும் கவனமாகக் கணக்கிட்டு, வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 883 துகள்கள், அவற்றின் எடை 583 நானோகிராம் என்றது. அதாவது வாரத்துக்குச் சுமார் 4 மைக்ரோகிராம், ஒரு கிராமில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. 5 கிராமுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி பத்து லட்சம் மடங்குக்கு மேல். இந்தக் கணக்கில் நானோ பிளாஸ்டிக் சேரவில்லை, எல்லா உணவு வகைகளும் சேரவில்லை. எனவே உண்மை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆயினும் கிராம் கணக்கில் விழுங்குகிறோம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சுண்டெலி ஆய்வுகளைப் பாருங்கள். குடலின் சளிப்படலம் மெலிதல், குடல் நுண்ணுயிர்களின் கலவை மாறுதல், கல்லீரலில் கொழுப்புச் செயல்முறை குலைதல், டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுக்களும் குறைதல், நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்குதல், தாய்க்குக் கொடுத்தால் குட்டிகளின் வளர்சிதை மாற்றம் பாதிக்கப்படுதல் என்று விளைவுகளின் பட்டியல் நீண்டது. பெய்ஜிங் ஆய்வாளர்கள் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட ஓர் ஆய்வு, உயிருள்ள சுண்டெலியின் மூளை ரத்த நுண்குழாய்களை நேரில் படம்பிடித்து, துகள்களை விழுங்கிய நோயெதிர்ப்புச் செல்கள் அந்தக் குழாய்களில் சிக்கிக் குருதியோட்டத்தைத் தடுப்பதைக் காட்டியது. துகள் தானே நஞ்சாகச் செயல்பட வேண்டியதில்லை, அதை விழுங்கிய செல்லே அடைப்பாக மாறலாம் என்ற அந்தச் செயல்முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் மனித ரத்த நுண்குழாய்கள் வேறு, மனிதரின் குருதி அளவும் வேறு. சுண்டெலிக்கு நேர்ந்தது அப்படியே நமக்கு நேரும் என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை.

பெரும்பாலான சுண்டெலி ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவுதான் இடறுகிறது. ஒரு சுண்டெலிக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பது இத்துறையில் மிகச் சாதாரணமான அளவு. 25 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு அது கிலோவுக்கு 4 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு நேர்விகிதத்தில் கணக்கிட்டால் நாளுக்கு 240 மில்லிகிராம். மேற்சொன்ன 583 நானோகிராமோடு ஒப்பிட்டால் இது நான்கு லட்சம் மடங்கு. சிறிய விலங்குக்கும் பெரிய விலங்குக்கும் இடையே நச்சியலாளர் வழக்கமாகச் செய்யும் திருத்தத்தைச் செய்தாலும் முப்பதாயிரம் மடங்குக்குக் குறையாது. வழக்கமாக உட்கொள்வதைப் போல் இத்தனை ஆயிரம் மடங்கு கொடுத்தால் சாதாரண உப்புகூட விலங்கை நோயாளியாக்கும். அதிக அளவில் தொடங்குவது நச்சியலில் தவறன்று, எந்த உறுப்பு முதலில் பாதிக்கப்படுகிறது என்று அறிய அது உதவும். ஆனால் அதோடு நின்றுவிட்டு, குறைந்த அளவுகளில் என்ன நேர்கிறது என்று பார்க்காமல் விட்டுவிடுவது தவறு.

ஒரே வினாவுக்கு இரண்டு ஆய்வுகள் எவ்வளவு மாறுபட்ட விடை தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2017-இல் சீனாவிலிருந்து வந்த ஒரு கட்டுரை, 5 மற்றும் 20 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிகள் சுண்டெலிகளின் கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றில் பெருமளவில் சேர்ந்ததாகவும் கல்லீரலில் அழற்சி ஏற்பட்டதாகவும் கூறியது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. 2019-இல் ஜெர்மனியின் கூட்டரசு இடர் மதிப்பீட்டு நிறுவனத்தினர் 1, 4, 10 மைக்ரோமீட்டர் மணிகளை 28 நாள்கள் சுண்டெலிகளுக்குக் கொடுத்துத் திசுக்களைச் சீவல் சீவலாகப் பார்த்தபோது, குடல் சுவரில் அரிதாகச் சில துகள்களே தென்பட்டன. அழற்சியும் இல்லை, திசுச் சிதைவும் இல்லை. 2017 கட்டுரை சொல்லும் அவ்வளவு துகள்கள் கல்லீரலில் சேர்வது, கொடுக்கப்பட்ட அளவைக் கொண்டு பார்த்தால் நம்பத்தக்கதா என்ற வினாவையும் ஜெர்மானிய ஆய்வாளர்களே எழுப்பினர். எந்தக் கட்டுரையைப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் பாலிஸ்டைரீன் மணிக் கரைசலில், நுண்ணுயிர்கள் வளராமலிருக்கச் சோடியம் அசைடு போன்ற பாதுகாப்புப் பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். அசைடு தானே ஒரு நஞ்சு. கழுவி நீக்காமல் பயன்படுத்தினால் விளைவு எதனுடையது என்று பிரித்தறிய இயலாது. மேலும், நம் வீட்டுத் தூசியில் இருப்பவை வழுவழுப்பான உருண்டைகள் அல்ல. வெயிலில் வெடித்து, ஓரங்கள் கூர்மையான சில்லுகளும், துணியிலிருந்து உதிர்ந்த இழைகளும், டயர் தேய்ந்த கரித்தூளுமே. உருண்டைகளை வைத்து நடத்திய ஆய்வு தீங்கை மிகைப்படுத்தியும் இருக்கலாம், குறைத்தும் காட்டியிருக்கலாம். இதனால்தான் ‘எலி ஆய்வு நிரூபித்துவிட்டது’ என்றோ ‘எலி ஆய்வெல்லாம் பொய்’ என்றோ சொல்பவர்கள் இரு சாராரையும் நான் ஏற்பதில்லை.

இப்போது, நுண்நெகிழி பற்றிய உரையாடல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் சான்றுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950-களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டுகளைப் பொருத்தத் தொடங்கினார். மூட்டுக் கிண்ணத்துக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். வழுக்கும் தன்மையுள்ளது, எதனோடும் வினைபுரியாதது என்று வேதியியலாளர்கள் உறுதியளித்த பொருள். சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. தேய்ந்து உதிர்ந்த தூளைச் சுற்றி மூட்டுக்குள் சீழ் போன்ற கட்டிகள் உருவாகி எலும்பை அரித்தன. நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு மறு அறுவை தேவைப்பட்டது. அவர் டெஃப்லான் தூளையும், பாலித்தீன் பைகளின் மூலப்பொருளான பாலிஎத்திலீனின் தூளையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு, எது கட்டியை உண்டாக்குகிறது என்று பார்த்து, டெஃப்லானுக்கு எதிர்வினை இருப்பதை 1963-இல் மருத்துவ இதழில் எழுதினார். அதற்குச் சற்று முன்பு, 1962-இல், கிண்ணத்துக்குப் பாலிஎத்திலீனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். அந்த மாற்றமே இன்றைய மூட்டு மாற்று அறுவையின் அடித்தளம்.

ஆனால் பாலிஎத்திலீனும் தேய்ந்தது, மெதுவாக. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மூட்டைச் சுற்றியிருந்த எலும்பு கரைந்து மூட்டு ஆடத் தொடங்கியவர்களின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கு செல்கள் நிறையப் பாலிஎத்திலீன் துகள்கள் நிரம்பியிருந்தன. அந்தச் செல்களால் துகளைச் செரிக்க இயலாது, துப்பவும் இயலாது. அவை அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன, அந்தப் புரதங்கள் எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்புகின்றன. மிகுதியாகச் சினமூட்டுபவை 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களே என்பதையும் ஆய்வகங்கள் உறுதி செய்தன. சிகாகோ ஆய்வாளர்கள் 2000-இல், மூட்டு பொருத்திக்கொண்டவர்களின் நிணநீர் முடிச்சுகளிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் மூட்டிலிருந்து பயணம் செய்துவந்த தேய்மானத் துகள்களைக் கண்டனர். கவனியுங்கள்: இது தொலைவிலிருக்கும் விலங்கு மாதிரியன்று, மனிதர்; வார்த்த மணியன்று, உராய்ந்து பிறந்த உண்மையான துகள்; சில வாரங்களன்று, பல ஆண்டுகள். இதில் அளவின் பங்கும் வெளிப்பட்டது. கிண்ணம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்தவர்களிடம் எலும்புக் கரைவு அரிதாகவே காணப்பட்டது. அதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி காணப்பட்டது. 1990-களின் இறுதியில் மூலக்கூறுகளிடையே குறுக்குப் பிணைப்பு கூட்டிய, எளிதில் தேயாத பாலிஎத்திலீன் வந்த பிறகு இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்தது. பிளாஸ்டிக் எதனோடும் வினைபுரியாத மந்தப் பொருள் என்ற வாதம் கட்டியான பிளாஸ்டிக்குக்குப் பொருந்தும், தூளானதற்குப் பொருந்தாது என்பதை எலும்பு மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டனர்.

நுரையீரலுக்கும் இதைப் போன்ற சான்று உண்டு. அமெரிக்காவின் ரோட் தீவிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும், வெல்வெட் போன்ற மென்மையான துணிக்காக நைலான் இழையைப் பொடிப்பொடியாக வெட்டி ஒட்டும் ஆலைகளில் பணிபுரிந்தவர்களுக்கு, 1990-களில் மூச்சுத்திணறலும் வறட்டிருமலும் கூடிய ஒரு நுரையீரல் நோய் காணப்பட்டது. 1998-இல் அது தனி நோயாக விவரிக்கப்பட்டது. ஆலைக் காற்றிலிருந்து எடுத்த தூசியை அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் எலிகளின் நுரையீரலில் செலுத்தியபோது அழற்சி தோன்றியது. வேலையிலிருந்து விலகிய தொழிலாளர்களில் பலருக்கு நோய் தணிந்தது. செயற்கை இழை நெசவுத் தொழிலாளர்களின் நுரையீரல் பாதிப்பு பற்றிப் போர்ச்சுகலிலிருந்து 1975-லேயே ஓர் அறிக்கை வந்திருந்தது. பாலியஸ்டரையும் நைலானையும் பிளாஸ்டிக் என்று நாம் நினைப்பதே இல்லை. ஆனால் மூச்சில் போகும் நுண்நெகிழியில் அவற்றின் இழைகளும் கணிசமாக உண்டு. இந்த நோயைக் குறிப்பிடாமல் நுண்நெகிழி பற்றி எழுதும் கட்டுரைகள், தொழிலாளியின் உடலை ஒரு சான்றாகவே கருதாத பழைய பழக்கத்தைத் தொடர்கின்றன என்றே கருதுகிறேன்.

பொதுமக்களிடம் நடந்த ஆய்வுகளில் மிகவும் கனமானது 2024 மார்ச்சில் இத்தாலியிலிருந்து வந்தது. கழுத்துத் தமனியின் அடைப்பை அறுவை செய்து நீக்கிய 257 பேரின் அடைப்புப் படிவை ஆராய்ந்ததில் 150 பேரிடம் பாலிஎத்திலீன் காணப்பட்டது. அவர்களில் 31 பேரிடம் பிவிசியும் இருந்தது. சுமார் 34 மாதங்கள் தொடர்ந்து கவனித்தபோது, மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பிளாஸ்டிக் இல்லாதவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கும் இருந்தவர்களில் 20 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. மற்றக் காரணிகளைச் சரிசெய்த பிறகு ஆபத்து 4.5 மடங்கு. மின்னணு நுண்ணோக்கியில், படிவிலிருந்த மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் ஓரம் கூரான வெளிப்பொருள்கள் தெரிந்தன. அழற்சிப் புரதங்களும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. இடுப்பு மூட்டுக் கதையோடு இது ஒத்துப்போவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆயினும் இது கவனித்துப் பதிவு செய்த ஆய்வு. பிளாஸ்டிக் அதிகம் சேரக்கூடிய வாழ்க்கை முறையே வேறு வழியில் இதயத்தையும் கெடுத்திருக்கலாம். அறுவை அரங்கமே பிளாஸ்டிக் நிறைந்த இடம் என்பதால் மாசு புகுந்திருக்கவும் வாய்ப்புண்டு. வேறு நாட்டில், வேறு குழு, வேறு முறையில் இதை மீண்டும் செய்து பார்க்க வேண்டும்.

மூளை பற்றிய செய்திக்கு வருவோம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், 2016-இல் இறந்தவர்களின் மூளைத் திசுவில் கிராமுக்கு நடுமதிப்பாக 3,345 மைக்ரோகிராமும், 2024-இல் இறந்தவர்களிடம் 4,917 மைக்ரோகிராமும் பிளாஸ்டிக் இருந்ததாகக் கணக்கிட்டனர். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருந்ததைவிட இது பன்மடங்கு அதிகம். 1,400 கிராம் மூளைக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 7 கிராம். “ஒரு கரண்டி” வந்தது இந்தப் பெருக்கலிலிருந்துதான். ஆனால் இதை அளந்த முறை, திசுவைக் கரைத்து எஞ்சியதைச் சூடாக்கிச் சிதைத்து, வரும் வாயுக்களின் அடையாளத்தைக் கொண்டு பிளாஸ்டிக்கைக் கண்டறியும் முறை. பாலிஎத்திலீன் சிதையும்போது தரும் நீண்ட கார்பன் சங்கிலிகளைப் போன்றவற்றைக் கொழுப்பும் தரும். மூளையோ உடலிலேயே கொழுப்பு மிகுந்த உறுப்புகளில் ஒன்று. முழுவதும் நீக்கப்படாத கொழுப்பு பாலிஎத்திலீன் என்று தவறாகக் கணக்கிடப்பட்டிருக்கலாம் என்று வேதியியலாளர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். அந்த விமர்சனம் நியாயமானது. நாளுக்கு மைக்ரோகிராம் அளவில் உட்கொண்டு, அதிலும் மிகச் சிறு பங்கே உள்ளே போய், மூளையில் மட்டும் 7 கிராம் சேர்வதற்குக் கணக்கு ஒத்துவரவில்லை. இத்தாலிய ஆய்விலும் இதே முறை பயன்பட்டது, தமனிப் படிவும் கொழுப்பு நிறைந்ததே என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூளையில் துகள்கள் இருக்கக்கூடும். எண்ணைத்தான் நான் ஏற்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியில் 2021-இல் ஆராயப்பட்ட 6 நச்சுக்கொடிகளில் நான்கில் மொத்தம் 12 துகள்கள், நெதர்லாந்தில் 2022-இல் 22 ரத்தக் கொடையாளர்களில் 17 பேரின் ரத்தத்தில் பிளாஸ்டிக், அதே ஆண்டு பிரிட்டனில் உயிருள்ள நோயாளிகளிடமிருந்து எடுத்த 13 நுரையீரல் மாதிரிகளில் 11-இல் துகள்கள். இவையெல்லாம் இருக்கின்றன என்பதற்கான சான்றுகள். நோய் தருகின்றன என்பதற்கான சான்றுகள் ஆகா.

நாய்கள் பற்றிய ஓர் ஆய்வு தனியே கவனத்துக்குரியது, ஏனெனில் அவை நம்மோடு அதே வீட்டில், அதே தூசியை, தரைக்கு இன்னும் நெருக்கமாக மூச்சில் இழுப்பவை. 2024-இல் கருத்தடை அறுவையில் அகற்றப்பட்ட 47 நாய்களின் விரைகளையும் 23 மனித விரைகளையும் ஒப்பிட்டதில் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் பதிவானது. மனிதரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு. நாய்களில் பிவிசி கூடுதலாக இருந்த மாதிரிகளில் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. அளந்தது மேற்சொன்ன அதே முறைதான்.  பிவிசியில் மென்மையாக்கிகளாகச் சேர்க்கப்படும் தாலேட்டுகள் ஆண் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிப்பது எலிகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. எனவே குற்றவாளி துகளா, துகள் சுமந்துவந்த வேதிப்பொருளா என்பது இங்கே திறந்த வினா.

காட்டு விலங்குகளும் கடல் விலங்குகளும் தப்பவில்லை. பிரிட்டன் கரைகளில் ஒதுங்கிய 50 கடல் பாலூட்டிகளை 2019-இல் ஆராய்ந்தபோது, டால்ஃபின், சீல், திமிங்கிலம் என்று பத்து இனங்களைச் சேர்ந்த அவை அனைத்தின் குடலிலும் நுண்நெகிழி இருந்தது; ஆனால் ஒரு விலங்குக்குச் சராசரியாக 5.5 துகள்களே, அவற்றில் 84 விழுக்காடு இழைகள். அதாவது துகள்கள் பெரும்பாலும் தங்காமல் வந்து போய்க்கொண்டிருக்கின்றன. கலிபோர்னியக் கடலில் நீலத் திமிங்கிலம் நாளுக்கு ஒரு கோடித் துகள்கள் வரை விழுங்கக்கூடும் என்று 2022-இல் கணக்கிட்டனர். கடல்நீரிலிருந்து நேரடியாக அல்ல, அது உண்ணும் கிரில் கூனிகளின் வழியாகவே ஏறத்தாழ அவ்வளவும் போகின்றன. அமெரிக்க டால்ஃபின்களின் மூச்சுக் காற்றிலும், எதிரொலியைக் குவிக்க உதவும் நெற்றிக் கொழுப்பிலும் துகள்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. நிலத்தில், பிரிட்டனின் முள்ளெலிகள், காட்டெலிகள் ஆகியவற்றின் எச்சத்திலும், பிளாஸ்டிக் தாள் விரித்துக் காய்கறி பயிரிடும் தென்கிழக்கு ஸ்பெயினில் மேயும் ஆடுகளின் பிழுக்கையிலும் நுண்நெகிழி உண்டு. இந்த விலங்குகள் நோயுற்றனவா என்று சொல்லும் ஆய்வுகளைவிட, அவற்றில் எத்தனை துகள் என்று எண்ணிய ஆய்வுகளே மிகுதி. இது இத்துறையின் பெரிய குறை.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், வெப்பத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து வையுங்கள் என்பதே என் முதல் பதில், ஏனெனில் துகள் உதிர்வதைப் பன்மடங்காக்குவது சூடுதான். காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல், உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையில் 100 மில்லி சூடான நீரைப் பதினைந்து நிமிடம் வைத்ததில் சுமார் 25,000 துகள்கள் உதிர்ந்ததாகக் கண்டனர். தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளை கேட்டு வாங்குவதற்கு இது போதுமான காரணம். கொதிக்கும் சாம்பாரைப் பாலித்தீன் பையில் கட்டி வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டு போகலாம். பாட்டில் தண்ணீர் தூய்மையானது என்ற நம்பிக்கையையும் மறுபரிசீலனை செய்யலாம். கொலம்பியா பல்கலைக்கழகம் 2024-இல் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்களை எண்ணியது, அவற்றில் பத்தில் ஒன்பது நானோ அளவிலானவை. சீனாவின் குவாங்சோ நகர ஆய்வாளர்கள் அதே ஆண்டு கண்ட ஒரு செய்தி, உப்புத்தண்ணீர் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் நம் ஊர்களுக்கு மிகவும் பொருந்தும்: கடின நீரைக் கொதிக்க வைத்தால் அடியில் படியும் சுண்ணப் படிவு துகள்களைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, 80 விழுக்காட்டுக்கு மேல் நீங்குகிறது, மென்னீரிலோ கால் பங்குதான் நீங்குகிறது. கொதித்த நீரை ஆறவிட்டு, படிவு கலங்காமல் மெல்லிய துணியில் வடித்தால் போதும். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடைப்பதும் இழைகளை மூச்சில் இழுப்பதைக் குறைக்கும்.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு முன்னுரிமை கொடுங்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியினர் 2020-இல், பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காலான புட்டியில் வெந்நீர் ஊற்றிப் பால்மாவைக் கலக்கும் வழக்கமான முறையில் லிட்டருக்கு 1.6 கோடித் துகள்கள் வரை உதிர்வதாக அளந்தனர். உடல் எடையோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய அளவு. நீரைக் கொதிக்க வைப்பதும் மாவைக் கரைப்பதும் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் நடக்கட்டும். கொதிநீரில் கிருமி நீக்கிய புட்டியை, தனியே கொதிக்க வைத்து ஆறிய நீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பால் குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே புட்டியில் ஊற்றுங்கள்; ஊற்றிய பின் வேகமாகக் குலுக்காதீர்கள், மைக்ரோவேவில் மறுபடி சூடாக்காதீர்கள். கண்ணாடிப் புட்டி கிடைத்தால் அதுவே மேல்.